முருகனை மருகனாக்கும் வயர்

"பழைய கீபோர்ட்டைப் புதுக் கணினியில் கொழுவ எந்த அடாப்டர் வாங்கலாம்?" என்று திருகோணமலை உப்புவெளியிலிருந்து நண்பன் கேட்டிருக்கிறான். மூன்று வருடமாக என் அடாப்டரை நான் திட்டுவதைக் கேட்டவன்தான். ஆனாலும் கேட்கிறான்.

என் கீபோர்ட் ஐ.பி.எம். மொடல் எம். ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஒரு சுருள்வில். தட்டினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இதற்காக மத்திய வீதிக் கடையொன்றில் முதலில் விரல்நுனி அளவில் ஓர் ஊதா முனையைத் தந்தார்கள். "இது போதும் அண்ணா" என்றான் கடைத் தம்பி. போதவில்லை. அதற்குள் வெறும் கம்பிகள்தான், சிப் கிடையாது. பி.எஸ்.2 என்ற பழைய வட்டச் செருகியின் பாஷை, இன்றைய யூ.எஸ்.பி. பாஷை இரண்டும் தெரிந்த கீபோர்ட்டுக்கு மட்டுமே அது உதவும். என்னுடையது 1987இல் வந்த ஆறு முள் பி.எஸ்.2 காலத்தது, யூ.எஸ்.பி.யோ 1996இல்தான் பிறந்தது. ஒரு விளக்குக்கூட எரியவில்லை. பணமும் திரும்பவில்லை.

பிறகு கொழும்பிலிருந்து 1,200 ரூபாவுக்கு எடுப்பித்ததுதான் இந்த வயர். ஒரு பக்கம் யூ.எஸ்.பி., நடுவில் தீப்பெட்டியைவிடச் சிறிய பெட்டி, மறுபக்கம் இரட்டை வால்: ஊதா கீபோர்ட்டுக்கு, பச்சை மவுஸுக்கு. கொழுவிய உடனேயே வேலை செய்தது. அந்தப் பெட்டிக்குள் மொழிபெயர்க்க ஒரு சிப் இருக்கிறது. இங்கே கடல்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. கீபோர்ட்டின் முட்களில் பச்சைக் களிம்பு பிடித்து இரண்டு தடவை துடைத்தேன். வயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் ஷிப்ட்! வேகமாகத் தட்டினால் இடைக்கிடை அதை விழுங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் என்றால் பெரிய எழுத்து சிறிய எழுத்தாகும், அவ்வளவுதான். நான் தட்டுவது பாமினி என்ற தமிழ் எழுத்துருவில். அதில் ஷிப்ட் இல்லாவிட்டால் 'கு' 'க' ஆகிறது, 'மு' 'ம' ஆகிறது. ஒரு கல்யாண அழைப்பிதழின் தலைப்பில் 'முருகன் துணை' என்று தட்டினேன். அச்சாகி வந்தது 'மருகன் துணை'. பெண்ணின் தகப்பனார் அதை இரண்டு முறை வாசித்துவிட்டு, "மருமகன் துணை வேண்டும்தான் தம்பி, அதற்காகச் சாமியைத் தூக்கலாமா?" என்றார். நூற்றைம்பது அட்டையும் என் செலவில்.

கீபோர்ட்டில் பிழையில்லை. பழைய கணினியின் பி.எஸ்.2 துளையில் நேரே செருகி ஒரு பகல் முழுவதும் தட்டிப் பார்த்தேன், ஒரு ஷிப்ட்டும் தவறவில்லை. பச்சை வாலில் மவுஸ் இருக்கும்போதுதான் இந்தச் சேட்டை அதிகம். ஒரே சிப் இரண்டு பேரையும் கவனிக்கத் திணறுகிறது போலும்.

நண்பனுக்கு "வாங்காதே" என்று பதில் அனுப்பினேன். நேற்று அதே வயர் இங்கேயே 650 ரூபாவுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்று வாங்கி வந்தேன், மவுஸுக்குத் தனியாக.