பெனின்சுலா பிளாசா மொஹிங்கா கடை: கிண்ணத்தைப் படம் எடுங்கள், ஆட்களை வேண்டாம்

சாப்பாட்டை முதலில் சொல்லிவிடுகிறேன், நான் இந்தக் கடைக்குப் போக ஆரம்பித்ததே அதற்காகத்தான். சிங்கப்பூரில் சிட்டி ஹால் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைத் தாண்டினால் பெனின்சுலா பிளாசா. ஞாயிற்றுக்கிழமை உள்ளே நுழைந்தால் மியன்மாரின் (பழைய பர்மா) யாங்கூனுக்கே போன மாதிரி இருக்கும். வெற்றிலை மடித்துத் தருகிறவர்கள், ஊருக்குப் பணம் அனுப்பும் கவுண்டர்கள், முகத்தில் பூசும் தனாக்கா பொடி, லோங்கி என்கிற பர்மிய லுங்கித் துணி, மூலைக்கு மூலை சாப்பாட்டுக் கடை. அதில் ஒன்றுதான் இது. பெயரை எழுதப் போவதில்லை, ஏன் என்பது கீழே வரும்.

மொஹிங்கா என்பது பர்மிய மீன் குழம்பு நூடுல்ஸ், விலை 8 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). கெளுத்தி மீனை வேகவைத்து முள் எடுத்து உதிர்த்து, செரை (எலுமிச்சைப் புல்), இஞ்சி, பூண்டு, மஞ்சள் எல்லாம் சேர்த்து, மாவு கரைத்து ஊற்றி, கரண்டியில் லேசாக ஒட்டுகிற பதத்துக்குக் கொதிக்கவிட்ட குழம்பு. அதற்குள் வட்ட வட்டமாக வாழைத்தண்டு. அடியில் இடியாப்பம் மாதிரி மெல்லிய அரிசி நூடுல்ஸ், மேலே அவித்த முட்டை, கொத்தமல்லி, பொரித்த பூண்டு, பக்கத்தில் நம் பருப்பு வடையைத் தகடாகத் தட்டிப் பொரித்த மாதிரி ஒன்று. அதை மொத்தமாகக் குழம்பில் போட்டுவிடாதீர்கள், பாதியை நொறுக்கிப் போட்டு, மீதியைக் கடைசி வாய்க்கு வைத்துக்கொள்ளுங்கள். என் பாட்டி ரங்கூனில் (இன்றைய யாங்கூன்) பிறந்தவர், ராணுவத் தளபதி நே வின் ஆட்சியில் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்ட 1964இல் கப்பலேறி சென்னைக்கு வந்தவர். காதுத் தோட்டைக்கூடத் துறைமுகத்தில் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்ததாகச் சொல்வார். அவர் கையால் மொஹிங்கா சாப்பிட்டு வளர்ந்தவள் நான், சென்னை பாரிமுனையில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் விற்கும் கடைகளிலும் நிறையச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த ருசியை சிங்கப்பூரில் இங்கேதான் பார்த்தேன்.

லாபெட் தோக் என்கிற தேயிலை சாலடும் எடுங்கள். புளிக்கவைத்த தேயிலை, வறுத்த பயறு, எள், வேர்க்கடலை, முட்டைகோஸ், தக்காளி, பச்சை மிளகாய். முதல் வாய் கசக்கும், மூன்றாவது வாய்க்குமேல் நிறுத்த முடியாது. டீ எனக்கு ரொம்ப இனிப்பு. மேசைகள் நெருக்கம், இரண்டு பேர் முதுகோடு முதுகு இடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். வங்கி அட்டை வாங்குவதில்லை, பேநவ் (போன் வழிப் பணம்) அல்லது ரொக்கம்.

சரி, படம் எடுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது தடவை போனபோது, கடை முழுவதும் தெரிகிற மாதிரி ஒரு படம் போடலாமே என்று போனைத் தூக்கினேன். கவுண்டரில் இருந்த பையன் கையைத் துடைத்துக்கொண்டே வேகமாக வந்தார். "அக்கா, சாப்பாட்ட எடுங்க, எங்கள வேணாம்." தமிழில்! அதுவும் பாட்டி பேசிய மாதிரி, அங்கிட்டு இங்கிட்டு என்கிற தமிழ். யாங்கூன் பக்கத்துத் தமிழ்க் குடும்பம், கோயில் வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். அதற்கப்புறம் பல ஞாயிறுகள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனேன். அவர் எழுதலாம் என்று சொன்னதை மட்டும், ஊரையும் ஆளையும் அடையாளம் தெரியாதபடி, இங்கே எழுதுகிறேன்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி மியன்மாரில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது அவருக்கு 19 வயது. அதற்கு முந்தைய நவம்பரில் நடந்த தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெரிய வெற்றி பெற்றிருந்தது, அவருக்கு அது முதல் ஓட்டு. மறுநாள் ராத்திரி 8 மணிக்கு ஊரே சட்டி பானைகளைத் தட்டியது. பேயை விரட்ட அங்கே அப்படித்தான் தட்டுவார்கள். இவர்கள் வீட்டில் அம்மாதான் தட்டினார், சோறு வடிக்கிற அலுமினியச் சட்டியை, இரும்புக் கரண்டியால், தினமும். சட்டியின் ஒரு பக்கம் முழுக்க நசுங்கிவிட்டது. பிப்ரவரி 22, தேதியில் ஐந்து இரண்டுகள் வருகிற அந்த நாளில், நாடு முழுவதும் வேலைநிறுத்தம். இவர் கிளம்பியபோது அம்மா பேனாவை எடுத்து மகனின் முன்கையில் ரத்த வகையையும் தன் போன் நம்பரையும் எழுதிவிட்டாராம். வேர்வையில் அழிந்துவிடும் என்று ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை எழுதியிருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் சட்டைக் கையை மடித்து அந்த இடத்தைக் காட்டினார். அங்கே இப்போது எண்ணெய் தெறித்த தழும்புதான் இருக்கிறது.

மார்ச் 3ஆம் தேதி மாண்டலேயில் கியால் சின் என்ற பெண் சுடப்பட்டு இறந்தார். எல்லாம் சரியாகிவிடும் என்று ஆங்கிலத்தில் எழுதிய கறுப்பு டி-ஷர்ட் போட்டிருந்தவர், படம் பார்த்திருப்பீர்கள். "என் வயசுக்கா," என்றார், அதற்குமேல் அன்று அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் ராத்திரிகள். 1 மணியானால் இணையம் போய்விடும், காலை 9 மணிக்குத்தான் திரும்ப வரும். ஆட்களைப் பிடிப்பதும் அந்த நேரத்தில்தான், அதனால் தெருவுக்குத் தெரு ஆட்கள் கண்விழித்துக் காவல் காத்தார்கள். நண்பர் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், தண்டனைச் சட்டத்தின் 505ஏ பிரிவு, மூன்று வருடம் வரை உள்ளே போடலாம். ஒருவர் பிடிபட்டால் அவருக்குத் தெரிந்த எல்லோரும் அன்றைக்கே வீட்டை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். பிடிபட்டவர் சொல்லிவிடுவார் என்ற சந்தேகத்தால் அல்ல, அவர் எவ்வளவு அடியைத் தாங்குவார் என்று யாருக்கும் தெரியாது என்பதால். இவர் ஒன்பது வீடுகளில் மாறி மாறித் தூங்கியிருக்கிறார். வெளியே போக இன்னொரு போன் வைத்திருந்தார், சோதனைச் சாவடியில் வாங்கிப் பார்ப்பார்கள் என்று. அதில் சினிமாப் பாட்டும், பகோடா முன்னால் அம்மாவோடு நிற்கிற படங்களும்தான்.

2022 ஜூலை 25ஆம் தேதி நான்கு பேரைத் தூக்கில் போட்டுவிட்டதாக அறிவித்தார்கள். பியோ ஜெயா தாவ் அதில் ஒருவர், ஹிப்-ஹாப் பாடகராக இருந்து நாடாளுமன்ற உறுப்பினரானவர். முப்பது வருடங்களுக்கு மேலாக அங்கே தூக்குத் தண்டனை நிறைவேற்றப்பட்டதில்லை. அந்த வாரமே அம்மா வளையல்களை விற்று மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஏஜெண்டைப் பார்க்கப் போனார்.

தப்பித்து வந்தாயிற்றே, இனி என்ன என்று நானும்தான் நினைத்தேன், அது எவ்வளவு தப்பு என்பது பேசப் பேசத்தான் புரிந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க அவர் மியன்மார் தூதரகத்துக்குத்தான் போக வேண்டும். சம்பளத்துக்கு அங்கே வரி கட்டினால்தான் பாஸ்போர்ட் வேலை நடக்கும், அதாவது எந்த ஆட்சிக்கு எதிராகத் தெருவில் நின்றாரோ அதற்கே இங்கே உழைத்த காசைக் கட்ட வேண்டும். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தார்கள், ஆண்களுக்கு 18 முதல் 35 வயதுவரை, பெண்களுக்கு 18 முதல் 27வரை. தம்பிக்கு இப்போது 18. இங்கே சிங்கப்பூரில் இவரால் ஒரு போராட்ட அட்டையைக்கூடப் பிடித்து நிற்க முடியாது, ஹோங் லிம் பூங்காவில் நடக்கும் போராட்டங்களில் வெளிநாட்டவர் கலந்துகொள்ள போலீஸ் அனுமதி வேண்டும். மியன்மாரிலோ, ஆள் கையில் கிடைக்கவில்லை என்றால் அப்பாவையோ தம்பியையோ பிடித்துக்கொண்டு போகிறார்கள், வீட்டைப் பூட்டி சீல் வைக்கிறார்கள். நான் ஐந்து நட்சத்திரம் போட்டு ஏற்றுகிற படத்தில் அவர் முகம் இருந்து, அதை வேண்டாதவர் யாராவது பார்த்தால், கதவு தட்டப்படுவது அங்கே, அந்த அம்மாவின் வீட்டில். எனக்கு இது தோன்றவே இல்லை, சாப்பிடப் போகிற இடத்தில் யாருக்கும் தோன்றாது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

போன வாரம் போனபோது அவராகவே போனை நீட்டி ஒரு படம் காட்டினார். அடுப்பில் அந்த அலுமினியச் சட்டி, ஒரு பக்கம் நசுங்கியபடியே, உள்ளே சோறு கொதிக்கிறது. புதுச் சட்டி வாங்கப் பணம் அனுப்பினாராம், அம்மா வாங்கவில்லை.

போகிறவர்கள் ஞாயிறு 12 மணிக்கு முன்னால் போங்கள், 1 மணிக்கெல்லாம் மொஹிங்கா தீர்ந்துவிடுகிறது. தாபாவ் (பார்சல்) கேட்டால் நூடுல்ஸ் தனி, குழம்பு தனியாகக் கட்டித் தருவார்கள், வீட்டில் சூடாக்கிச் சாப்பிட்டாலும் நன்றாக இருக்கிறது. படம் எடுப்பதானால் கிண்ணத்துக்கு நேர் மேலிருந்து எடுங்கள், பின்னால் கவுண்டர் விழாது.