லிப்போ பேட்டரிகளோடு மூன்று ஆண்டுகள்

1,200 மில்லிமீட்டர் இறக்கை கொண்ட மின்மோட்டார் மாதிரி விமானம் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பறக்கவிட்டு வருகிறேன். அதற்கு மூன்று செல் கொண்ட, 2200 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளளவுள்ள லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், பேட்டரி தேவை. தொடக்கத்திலேயே இரண்டு நிறுவனங்களிடம் இரண்டிரண்டு வாங்கினேன். ஒன்றின் உறையில் 40 சி, மற்றதில் 25 சி. சி எண்ணைக் கொள்ளளவோடு பெருக்கினால் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று தெரியும். 2200 எம்ஏஎச் என்பது 2.2 ஆம்பியர் மணி; 40 சி என்றால் 88 ஆம்பியர். விலையும் குறைவு என்பதால் அதையே பெரிதும் நம்பினேன்.

மைதானத்தில் நடந்தது வேறு. 40 சி பேட்டரியைப் பொருத்தினால் நான்காவது நிமிடத்திலேயே மோட்டாரின் ஒலி தணிந்துவிடும். தரையிறக்கிக் கையில் எடுத்தால் சுடும். பேட்டரிக்குள்ளேயே மின்னோட்டத்துக்கு இருக்கும் எதிர்ப்பான உள் மின்தடையைச் சார்ஜரில் அளந்தபோதுதான் காரணம் புரிந்தது. 25 சி பேட்டரியில் செல்லுக்கு 5 மில்லி ஓம், 40 சி பேட்டரியில் 12. என் மோட்டார் முழு வேகத்தில் 30 ஆம்பியர் இழுக்கிறது. மூன்று செல்லுக்கும் சேர்த்தால் ஒன்றில் 0.45 வோல்ட் இழப்பு, மற்றதில் 1.08. அந்த இழப்புதான் கையைச் சுட்டது. எடையிலும் 40 சி பேட்டரி இருபது கிராமுக்கு மேல் குறைவு. அதே கொள்ளளவில் எடை மிகக் குறைந்த பேட்டரியை இப்போது நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பேட்டரிக்கும் எண்ணிட்டு, மாதம் ஒருமுறை மின்தடையைக் குறிப்பேட்டில் எழுதுகிறேன். முழுதாகச் சார்ஜ் செய்து, அறை வெப்பத்தில் அளக்க வேண்டும். குளிர்ந்த காலையில் அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும்.

பறக்கும் நேரத்தையும் அளந்தே முடிவு செய்தேன். ஆறு நிமிடம் பறந்த பிறகு மறுபடி சார்ஜ் செய்தபோது 1500 எம்ஏஎச் ஏறியது. கொள்ளளவில் 80 சதவீதம் வரைதான் செலவழிக்கிறேன், அது 1760. ஏழு நிமிடம் வரை போகலாம். தரையிறங்க ஒரு சுற்று கூடுதலாகத் தேவைப்படலாம் என்பதால் ஆறிலேயே மணி அடிக்க வைத்திருக்கிறேன்.

பெரிய இழப்பு மழையால் வந்தது. பறக்க முடியாமல் போன ஒரு வார இறுதியில், முழுதாக ஏற்றிய 40 சி பேட்டரியை அலமாரியிலேயே விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் உப்பிக் கிடந்தது. வீங்கிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது, தீப்பிடிக்கலாம். இப்போது பறக்கவில்லை என்றால் அன்றிரவே செல்லுக்கு 3.8 வோல்ட்டுக்கு இறக்கிவிடுகிறேன்.

25 சி பேட்டரிகள் இரண்டும் 140 முறைக்கு மேல் சார்ஜ் ஆகிவிட்டன. மின்தடை 9 மில்லி ஓமைத் தொட்டிருக்கிறது. குட்டிக்கரணம் போடுவதற்கு இனி அவற்றைப் பயன்படுத்துவதில்லை. மாலையில் காற்று அடங்கியதும் மெதுவாக வட்டமிட இன்னும் போதுமானவையாக இருக்கின்றன.