எல்.இ.டி. விளக்குகளை இயக்க பிசி547 டிரான்சிஸ்டர் போதுமா?

சென்னை ரிச்சி தெருவில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பிசி547 டிரான்சிஸ்டர், மைக்ரோகன்ட்ரோலர் (நிரலால் இயங்கும் சிறு கணினிச் சில்லு) பலகையைக் கொண்டு எல்.இ.டி. விளக்குகளை எரிய வைக்க விரும்பும் மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் பொருள்களில் ஒன்று. அந்தப் பரிந்துரை சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆனால் எல்.இ.டி.யைப் பாதுகாப்பது இந்த டிரான்சிஸ்டர் அல்ல, அதைச் சுற்றி நாம் வைக்கும் மின்தடைகளே என்பதை அறியாமல் வாங்குகிறவர்களுக்கு இது பயன்படாது.

இதன் தேவை எங்கே எழுகிறது என்பதை முதலில் பார்க்கலாம். இ.எஸ்.பி.8266 என்ற மைக்ரோகன்ட்ரோலர் சில்லின் ஒரு பின் (இணைப்புக் கால்), 3.3 வோல்ட்டில் அதிகபட்சம் 12 மில்லியாம்பியர் மட்டுமே தரும். வெள்ளை எல்.இ.டி. ஒன்றுக்கே ஏறத்தாழ 3.2 வோல்ட் வேண்டும் என்பதால், மின்தடை வைப்பதற்கான மின்னழுத்தம் அங்கே மிஞ்சுவதில்லை. அர்டுயினோ ஊனோ பலகையின் பின் 40 மில்லியாம்பியர் வரை தாங்கும் என்று எழுதப்பட்டிருந்தாலும், அது பழுதடையாமல் இருப்பதற்கான உச்ச வரம்பே தவிர, வேலை வாங்குவதற்கான அளவு அன்று. 12 வோல்ட்டில் மூன்று எல்.இ.டி.களைத் தொடராக இணைக்க வேண்டுமானால் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வந்தே ஆக வேண்டும்.

பிசி547 ஒரு என்.பி.என். வகை. இதன் மூன்று கால்களில், பேஸில் செல்லும் சிறிய மின்னோட்டம், கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு ஓடும் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 45 வோல்ட்டையும், தொடர்ந்து 100 மில்லியாம்பியரையும், சுமார் 500 மில்லிவாட் வெப்பத்தையும் தாங்கும். இது ஒலிப்பெருக்கச் சுற்றுகளுக்கான சிறிய சிலிக்கான் டிரான்சிஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது என்றாலும், சுவிட்ச் வேலையையும் நன்றாகவே செய்கிறது.

இதில் உள்ள பெரிய சிக்கல் மின்னோட்டப் பெருக்கத்தின், அதாவது பேஸ் மின்னோட்டத்தைப் போல எத்தனை மடங்கு கலெக்டரில் ஓடும் என்பதன், அகன்ற வீச்சு. ஏ பிரிவில் 110 முதல் 220 வரையும், பி பிரிவில் 200 முதல் 450 வரையும், சி பிரிவில் 420 முதல் 800 வரையும் அது மாறுகிறது. எல்.இ.டி.க்கு உரிய மின்தடையை விட்டுவிட்டு, பேஸ் மின்னோட்டத்தைக் குறைத்தே வெளிச்சத்தைக் கட்டுப்படுத்தலாம் என்று சிலர் சுற்று வரைகிறார்கள். பேஸில் 0.1 மில்லியாம்பியர் செலுத்தினால், ஏ பிரிவின் கீழ்முனையில் உள்ள ஒரு டிரான்சிஸ்டர் 11 மில்லியாம்பியரை விடும்; சி பிரிவின் மேல்முனையில் உள்ள மற்றொன்று 80 மில்லியாம்பியரை விடும். 20 மில்லியாம்பியருக்கென்று செய்யப்பட்ட 5 மில்லிமீட்டர் எல்.இ.டி. அதில் கருகிப்போகும். ஆகவே பெருக்கத்தை நம்பிச் சுற்று அமைக்கவே கூடாது.

சரியான வழி, டிரான்சிஸ்டரை முழுமையாகத் திறந்துவிட்டு, மின்னோட்டத்தை அளவிடும் பொறுப்பைக் கலெக்டர் பக்க மின்தடையிடம் ஒப்படைப்பதே. பிசி547 முழுமையாகத் திறந்திருக்கும் நிலையின் அளவுகளை டேட்டாஷீட் (தயாரிப்பாளரின் விவரத்தாள்), கலெக்டர் மின்னோட்டத்தில் இருபதில் ஒரு பங்கைப் பேஸில் செலுத்தியே தருகிறது. நாமும் அதே விகிதத்தைக் கொள்ளலாம். கலெக்டரில் 20 மில்லியாம்பியர் ஓட வேண்டுமானால் பேஸில் 1 மில்லியாம்பியர் வேண்டும். 3.3 வோல்ட்டிலிருந்து பேஸ்-எமிட்டர் சந்தியின் 0.7 வோல்ட்டைக் கழித்தால் 2.6 வோல்ட் மிஞ்சும், 2.2 கிலோ ஓம் மின்தடை வைத்தால் 1.2 மில்லியாம்பியர் அளவுக்குக் கிடைக்கும். கலெக்டர் பக்கத்தில், 12 வோல்ட்டிலிருந்து மூன்று எல்.இ.டி.களின் 9.6 வோல்ட்டையும் டிரான்சிஸ்டரின் 0.1 வோல்ட்டையும் கழித்தால் எஞ்சுவது 2.3 வோல்ட், 120 ஓம் மின்தடை அதை 19 மில்லியாம்பியராக்கும். கால் வாட் மின்தடையே தாராளமாகப் போதும். பேஸிலிருந்து தரைக்கு ஒரு 100 கிலோ ஓம் மின்தடையையும் சேர்த்துவிட்டால், மைக்ரோகன்ட்ரோலர் துவங்கும் கணத்தில் பின் எந்த நிலையிலும் இல்லாதபோது எல்.இ.டி. தானாக மினுங்காது.

எல்.இ.டி.களைக் கலெக்டர் பக்கத்தில்தான் இணைக்க வேண்டும். எமிட்டருக்கும் தரைக்கும் இடையே வைத்தால், பேஸில் 3.3 வோல்ட் இருக்கும்போது எமிட்டர் 2.6 வோல்ட்டுக்கு மேல் உயராது, வெள்ளை எல்.இ.டி. ஒழுங்காக எரியாது.

இந்தச் சுற்றின் குறை, மின்னழுத்தம் மாறும் இடங்களில் வெளிப்படுகிறது. 12 வோல்ட் ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது அதே 120 ஓம் மின்தடை கிட்டத்தட்ட 39 மில்லியாம்பியரை விட்டுவிடும், அதாவது எல்.இ.டி.யின் வரம்பைப் போல இரு மடங்கு. இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அவசர விளக்கு செய்கிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

பிசி547-இன் மலிவு மிகவும் உதவுவது இங்கேதான்; இன்னொன்றைச் சேர்த்தால் நிலையான மின்னோட்டச் சுற்று கிடைத்துவிடும். கலெக்டர் பக்கத்து 120 ஓமை நீக்கிவிட்டு, முதல் டிரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் தரைக்கும் இடையே 33 ஓம் மின்தடையை வைத்து, அந்த எமிட்டரையே இரண்டாவதன் பேஸுடன் இணைக்க வேண்டும். இரண்டாவதன் கலெக்டர் முதலாவதன் பேஸுக்குச் செல்லும், அதன் எமிட்டர் தரைக்கு வரும். மைக்ரோகன்ட்ரோலர் பின்னிலிருந்து முதலாவதன் பேஸுக்கு 4.7 கிலோ ஓம் போதும். 33 ஓமில் 0.65 வோல்ட் உருவானவுடன் இரண்டாவது டிரான்சிஸ்டர் விழித்துக்கொண்டு முதலாவதன் பேஸ் மின்னோட்டத்தைத் தரைக்கு இழுத்துவிடும் என்பதால், எல்.இ.டி.களில் 20 மில்லியாம்பியருக்கு மேல் ஓடாது. பேட்டரி 14.4 வோல்ட்டில் இருந்தாலும், 10.5 வோல்ட்டுக்கு இறங்கினாலும் வெளிச்சம் ஏறக்குறைய ஒன்றே. பெருக்கம் 110-ஆ 800-ஆ என்ற கேள்விக்கும் இங்கே இடமில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை இந்த அமைப்பு என்னை மிகவும் கவர்ந்தது. 14.4 வோல்ட்டில் முதல் டிரான்சிஸ்டரில் வீணாவது 83 மில்லிவாட் மட்டுமே. ஓர் எல்.இ.டி. உட்புறமாகக் குறுக்கிணைப்பாகிப் போனாலும் அது சுமார் 150 மில்லிவாட்டைத் தாண்டாது. மேலும், இரண்டாவது டிரான்சிஸ்டர் சூடேறச் சூடேற அதன் பேஸ்-எமிட்டர் மின்னழுத்தம் ஒரு டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் அளவில் குறைவதால், எல்.இ.டி. மின்னோட்டமும் தானாகக் குறைகிறது. கோடைக்காலத்தில் மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்குக்கு இதைவிட நல்ல குணம் வேறென்ன வேண்டும்!

குறைகளில் முதன்மையானது கால்களின் வரிசை. தட்டையான முகம் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்போது, பிசி547-இல் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர் என்று வரும். அதே தோற்றமுள்ள 2என்3904-இல் எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று தலைகீழாக வரும். கடையில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தந்தால், பலகையில் அப்படியே செருகக் கூடாது. மல்டிமீட்டரின் டையோடு நிலையில் வைத்துப் பார்த்தால், பேஸ்-எமிட்டர் அளவு பேஸ்-கலெக்டர் அளவைவிடச் சற்றே கூடுதலாகக் காட்டும்; அதைக் கொண்டு கால்களை உறுதிசெய்துகொள்ளலாம்.

இரண்டாவது குறை, 100 மில்லியாம்பியர் வரம்பு. நான் 50 மில்லியாம்பியருக்கு மேல் இதனிடம் வேலை வாங்கப் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு மீட்டருக்கு 60 எல்.இ.டி.கள் கொண்ட 5050 வகை 12 வோல்ட் பட்டைக்கு மீட்டருக்கே 1 ஆம்பியருக்கு மேல் தேவைப்படும், அங்கே ஐ.ஆர்.எல்.இசட்44என் போன்ற மாஸ்ஃபெட்டை (கேட் என்ற காலின் மின்னழுத்தத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர்) 5 வோல்ட் கேட் மின்னழுத்தத்துடன் பயன்படுத்துவதே முறை. மாற்றாகப் பலர் சொல்லும் 2என்7000 மாஸ்ஃபெட் திறக்கத் தொடங்கும் மின்னழுத்தம் 3 வோல்ட் வரை இருக்கக்கூடும் என்பதால், 3.3 வோல்ட் பின்னுடன் அது நம்பத்தக்கதன்று. ஆகவே ஒன்று முதல் ஐந்தாறு சிறிய எல்.இ.டி.கள் வரை உள்ள வேலைக்கு பி பிரிவு பிசி547-ஐயே கேட்டு வாங்குங்கள். 33 ஓம் மின்தடைகளையும் அப்போதே சேர்த்து வாங்கிவிடுங்கள்.