நண்பனின் வீடு எங்கே? – அழவைக்காத ஒரு குழந்தைப் படம்

ஈரானியக் குழந்தைப் படம் என்றால் கைக்குட்டையோடு உட்கார வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' பழக்கிவிட்ட பழக்கம். அப்பாஸ் கியரோஸ்தமி 1987இல் எடுத்த 'நண்பனின் வீடு எங்கே?' அழவைக்காது. எனக்குக் கோபம்தான் வந்தது.

கதை ஒரு நோட்டுப் புத்தகம். வீட்டுப்பாடத்தைத் தனித்தாளில் எழுதி வந்த நேமத்சாதேயை ஆசிரியர் அழவைத்துவிடுகிறார். மறுபடி இப்படிச் செய்தால் பள்ளியைவிட்டே நீக்கிவிடுவாராம். அன்றைக்குப் பார்த்து அவனுடைய நோட்டும் பக்கத்துப் பையன் அகமதுவின் பையில் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் ஒரே அட்டை. நண்பனின் ஊர் போஷ்தே, மலைக்கு அந்தப் பக்கம். வீடு எதுவென்று தெரியாது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அகமது அம்மாவிடம் சொல்கிறான். துணி துவைத்துக்கொண்டே "வீட்டுப்பாடத்தை எழுது" என்கிறாள். மறுபடி சொல்கிறான், தொட்டிலை ஆட்டச் சொல்கிறாள். நோட்டுத் திருத்தியே காலம் தள்ளியவள் நான், பிள்ளைகள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதைக் கேட்டுப் பழகியவள். கேட்பவர் காதில் விழாததால்தான் சொல்கிறார்கள் என்பதை இவ்வளவு பொறுமையாகக் காட்டிய படம் வேறு பார்த்ததில்லை.

தாத்தா அதற்கும் மேல். சட்டைப்பையில் சிகரெட்டை வைத்துக்கொண்டே பேரனை வாங்கிவர அனுப்புகிறார். கீழ்ப்படியப் பழக வேண்டுமாம். தன் அப்பா வாரம் ஒரு காசு கொடுப்பார், பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடிப்பார். காசு கொடுக்க அப்பா மறந்தாலும் அடிக்க மறந்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். அந்த வளர்ப்பில் வந்த வீட்டில்தான் அகமது சொல் கேட்காமல் மலை ஏறி ஓடுகிறான். வளைந்து வளைந்து ஏறும் அந்தப் பாதையைப் படத்துக்கென்றே போட்டார்கள். இரக்கம் என்பது இங்கே இனிப்பான குணம் இல்லை, பிடிவாதம். கடைசியில் அவன் கண்டுபிடிக்கும் வழியும் பள்ளிக்கூடச் சட்டப்படி குற்றம்தான்! நான் அந்த வகுப்பில் இருந்திருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பேன்.

குறை ஒன்று: கதவு செய்யும் கிழவரோடு இருட்டில் நடக்கும் பகுதி நீளம். பையனின் அவசரம் நமக்கும் தொற்றிக்கொள்ள, அவரோ ஒவ்வொரு ஜன்னலாக நின்று பேசுகிறார். வேண்டுமென்றே செய்ததுதான், ஆனாலும் நெளிந்தேன்.

எட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளோடு தாராளமாகப் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. சப்டைட்டில் படிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கும் கஷ்டமில்லை, பெரியவர்கள் பேசுவதெல்லாம் அந்த நாலு கட்டளைகள்தான்.