ஸ்டுட்கார்ட்டில் வீடு: சாமான்களோடு எடுப்பதா, காலியாக எடுப்பதா?

ஜெர்மனிக்கு வேலைக்கு வருகிறவர்கள் இரண்டு வகை வாடகை வீடுகளைப் பார்ப்பார்கள். ஒன்றில் கட்டில், சோபா, தட்டு, கரண்டி வரை எல்லாம் இருக்கும். ‘மொப்லியர்ட்’ என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். இன்னொன்று காலி வீடு. காலி என்றால் நம் ஊர்க் காலி இல்லை. சமையலறைக்குள் போனால் பெரும்பாலும் சுவரில் தண்ணீர் இணைப்பும் அடுப்புக்கான மின் இணைப்பும் மட்டும்தான். மேடை, சிங்க், அலமாரி எதுவும் கிடையாது. விளக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒயர் தொங்கும். நானும் மனைவியும் ஸ்டுட்கார்ட்டில் முதல் எட்டு மாதம் சாமான்களோடு உள்ள வீட்டிலும், அப்புறம் மூன்றரை வருஷம் காலி வீட்டிலும் இருந்தோம். என் ஓட்டு காலி வீட்டுக்குத்தான்.

சாமான்களோடு உள்ள வீட்டின் சௌகரியத்தை விளக்க வேண்டியதில்லை. பெட்டியோடு போய் இறங்கி அன்றிரவே தூங்கலாம். ஹீட்டிங், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் பெரும்பாலும் வாடகையிலேயே அடங்கிவிடும். வந்த புதிதில் வேறு வழியும் இருக்காது. காலி வீட்டுக்காரர்கள் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டையும், கடன் பாக்கி இல்லை என்று காட்டும் ஷூஃபா அறிக்கையையும் கேட்பார்கள். போன வாரம் விமானம் இறங்கியவரிடம் இரண்டும் இருக்காது.

ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அந்த முகவரியில் ‘அன்மெல்டுங்’ செய்ய முடியுமா? குடியேறி இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் தேவை. குறுகிய கால வீடுகளில் சிலர் அதைத் தர மறுப்பார்கள். பதிவு இல்லாவிட்டால் வரி எண் வருவது தள்ளிப்போகும். அது வரும்வரை சம்பளத்தில் ஆறாம் வகுப்பு வரி, அதாவது இருப்பதிலேயே அதிகமான வரி, பிடிக்கப்படலாம். அப்புறம், தபால் பெட்டியில் முதல் நாளே பெயரை ஒட்டிவிடுங்கள். அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் பெரும்பாலும் கிடையாது. தபால்காரர் பெயரைப் பார்த்துத்தான் போடுவார்.

நாங்கள் அந்த வீட்டை விட்டதற்குக் காரணம் சமையலறை. மேடை தூய வெள்ளை. இரண்டாம் மாதம் ஒரு ஸ்பூன் மஞ்சள்தூள் ஈரத்தில் கொட்டிவிட்டது. துடைத்துப் பார்த்தால் உள்ளங்கை அளவுக்குக் கறை. எலுமிச்சை, சோடா உப்பு, கடையில் வாங்கிய கிளீனர், எதற்கும் அசையவில்லை. அதன்பிறகு மனைவி கடுகு தாளிக்கும்போதெல்லாம் மேடை முழுக்கப் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டுத்தான் தாளிப்பார். சொந்தச் சமையலறையில் பயந்து பயந்து சமைப்பது எவ்வளவு சோர்வான காரியம் என்று அப்போதுதான் தெரிந்தது. வீட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அட்வான்ஸில் 300 யூரோ கழித்துக்கொண்டார்கள்.

காலி வீட்டில் எல்லோரும் பயப்படுவதும் இந்தச் சமையலறைக்குத்தான். புதிதாகப் போட்டால் சில ஆயிரம் யூரோ ஆகும், ஆள் வந்து பொருத்தித் தரப் பல வாரம் காத்திருக்க வேண்டும். ஆனால் பலர் அப்படிச் செய்வதில்லை. முன்பு குடியிருந்தவர் விட்டுப்போகும் சமையலறையை விலை பேசி வாங்கிக்கொள்கிறார்கள். இதற்கு ‘அப்லோசெ’ என்று பெயர். எங்களுக்கு முந்தையவர் ஓவன், பாத்திரம் கழுவும் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 1,500 கேட்டார், 1,200க்குப் படிந்தது. பொருளின் மதிப்புக்குச் சம்பந்தமே இல்லாத தொகையைக் கேட்கச் சட்டம் இடம் தராது, அதனால் தாராளமாகப் பேரம் பேசலாம். மூன்றரை வருஷம் கழித்து அதே சமையலறையை எங்களுக்குப் பின் வந்தவர்களுக்கு 700க்குக் கொடுத்தோம். ஆக எங்களுக்கு ஆன செலவு 500 யூரோ, மாதத்துக்குப் பன்னிரண்டு. தாளித்தோம், வடை சுட்டோம், யாரிடமும் கணக்குச் சொல்லவில்லை.

வாடகையிலும் மிச்சம்தான். முதல் வீடு 45 சதுர மீட்டர், எல்லாம் சேர்த்து 1,350. காலி வீடு 62 சதுர மீட்டர், ஹீட்டிங்கும் தண்ணீரும் சேர்த்து 1,120, கரண்ட் தனியாக 60.

அப்லோசெயில் மூன்று விஷயம் கவனியுங்கள். சமையலறை உண்மையிலேயே பழைய குடித்தனக்காரருடையதா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். சில வீட்டில் அது வீட்டோடு சேர்ந்தது. வீட்டு ஒப்பந்தம் கைக்கு வந்தபிறகே பணம் கொடுங்கள். ஒவ்வொரு சாதனத்தையும் ஓட விட்டுப் பார்த்து, பட்டியலாக எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்ததோடு சரி. பாத்திரம் கழுவும் மெஷின் குடியேறிய மறுவாரமே நின்றுவிட்டது.

விற்கும்போதுதான் உண்மையான ஆபத்து. அடுத்து வருபவர் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் கழற்றி எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான். எங்களுக்கு அது நேரவில்லை. வேறு ஊருக்கு மாறிய நண்பர் ஒருவருக்கு நேர்ந்தது. கடைசியில் பழைய சாமான்களை வாங்கி விற்கும் க்ளைன்அன்சைகன் இணையதளத்தில் இலவசம் என்று போட்டுத் தள்ளிவிட்டார். காலி செய்ய மூன்று மாத நோட்டீஸ் தர வேண்டும். கையெழுத்திட்ட கடிதமாகவே தர வேண்டும், மின்னஞ்சல் செல்லாது. அந்த மூன்று மாதத்தையும் சமையலறைக்கு ஆள் தேடப் பயன்படுத்துங்கள்.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. கரண்ட், ஹீட்டிங் சேராத வாடகைபோல மூன்று மடங்குக்கு மேல் கேட்க முடியாது. அதையும் மூன்று தவணையில் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. நாங்கள் தெரியாமல் மொத்தமாகக் கட்டிவிட்டு, அந்த மாதம் மெத்தை வாங்கப் பணமில்லாமல் தரையில் போர்வை விரித்துப் படுத்தோம்.

காலி வீட்டில் எங்களுக்குக் ‘கேர்வோகெ’யும் வந்தது. ஸ்டுட்கார்ட் பக்கத்துப் பழக்கம் இது. வாரம் ஒரு வீடாக முறைவைத்து மாடிப்படியைப் பெருக்கித் துடைக்க வேண்டும். கீழ் வீட்டு அம்மா தன் முறை முடிந்ததும் ஒரு சின்னப் பலகையை எங்கள் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போவார். முதல் தடவை அது என்னவென்றே புரியவில்லை. அவரே மேலே வந்து, துடைப்பத்தைக் கையில் கொடுத்து, எந்தப் படியிலிருந்து எந்தப் படிவரை என்று காட்டினார். எட்டு மாதம் இருந்த முந்தைய வீட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

நான் சொல்வது ஒரே ஊரில், குழந்தைகள் இல்லாத இருவர் வாழ்ந்த கணக்கு. ம்யூனிக் வாடகையில் இது வேறு மாதிரி வரலாம். உங்கள் வேலை ஒப்பந்தமே ஒரு வருஷத்துக்குத்தான் என்றால், சமையலறையை வாங்கி விற்கும் அலைச்சல் கட்டுப்படியாகாது. சாமான்களோடு உள்ள வீட்டிலேயே இருந்துவிடுங்கள், மேடையில் மட்டும் எதையாவது விரித்துக்கொள்ளுங்கள்.