பழைய மாருதி 800 மின்சாரக் காராகிறது: லெட் ஆசிட் பேட்டரியா, எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரியா?

காரின் எடையே சுமார் 650 கிலோதான். 96 வோல்ட் மோட்டாருக்கு 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரி 8 வேண்டும். ஒன்று 30 கிலோ என்றாலும் 240 கிலோ. பின்பக்கம் அமுங்கிவிடும். சார்ஜைப் பாதிக்கு மேல் தீர்த்தால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். தடிக்காரன்கோணம் பக்கத்து ஏற்றங்களில் கரன்ட் அதிகம் இழுக்கும்போது கிடைக்கும் சார்ஜ் இன்னும் சுருங்கும். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போய்வர 40 கிலோமீட்டர், அதுவே இழுபறி.

எல்எஃப்பியில் 3.2 வோல்ட் செல் 30, ஏறக்குறைய 60 கிலோ. 80 சதவீதம் வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். விலை கூடுதல்தான், ஆனாலும் இதுவே சரி. பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லையும் கண்காணித்துக் காக்கும் மின்னணுச் சாதனம்) இல்லாமல் தொடவே வேண்டாம்: எந்தச் செல்லும் 3.65 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, 2.5-க்குக் கீழே இறங்கக் கூடாது.

எதை வைத்தாலும் குளச்சல், முட்டம் உப்புக்காற்று விடாது. வெறும் செம்பு லக்கில் (கேபிள் முனையில் மாட்டும் இணைப்புத் துண்டு) பச்சை பூக்கும், இணைப்பில் மின்தடை ஏறும், சூடாகி உருகும். வெள்ளீயம் பூசிய லக்கை கேபிளில் அழுத்திக் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் உறை) போட்டு, போல்ட்டை முறுக்கியபின் மேலே வாசலைன் தடவுங்கள். பேட்டரி அருகிலேயே டிசி ஃபியூஸ் கட்டாயம்.

பணம் போடும் முன் ஆர்டிஓ அனுமதியைக் கேளுங்கள். மின்சாரக் காராக மாற்றும் அங்கீகாரம் பெற்ற கிட் இல்லாமல் ஆர்சி மாறாது.