கன்னியா வெந்நீர்க் கிணறுகள்: போய் வந்தவர் சொல்வது

திருகோணமலைக்கு வருகிறவர்கள் கோணேஸ்வரம், நிலாவெளி, புறாத்தீவு எல்லாம் பார்த்து முடித்து, நேரம் மிஞ்சினால் கன்னியாவை எட்டிப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் கன்னியாவுக்குத்தான் முதலில் போக வேண்டும், அதுவும் விடிந்த கையோடு. டவுனிலிருந்து அனுராதபுரம் வீதியில் ஏறக்குறைய 8 கிலோமீற்றர், ஓட்டோவிலேயே போய்விடலாம். டிக்கெட் எடுத்துக்கொண்டு உள்ளே போனால் சதுரமாகக் கட்டிய ஏழு சின்னக் கிணறுகள். ஆழம் அதிகமில்லை. இறங்கிக் குளிக்கிற இடம் இல்லை இது, வாளியால் அள்ளித் தலையில் ஊற்ற வேண்டியதுதான்.

ஏழிலும் சூடு ஒன்றாக இருக்காது. ஒன்று இளஞ்சூடு, பக்கத்துக் கிணறு முதல் வாளியிலேயே தோளைச் சுருங்க வைக்கும். எரிமலை ஏதும் இந்தப் பக்கம் கிடையாது. மழைத் தண்ணீர் பாறை வெடிப்புகள் வழியாக ஆழத்துக்குப் போய், நிலத்தின் உள்சூட்டில் காய்ந்து திரும்ப மேலே வருகிறது, அவ்வளவுதான். தண்ணீரைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, மிக நல்ல தண்ணீர், உடம்பு அலுப்பு போய்விடும்.

நான் சொல்ல வந்தது குளிக்கிற மனிதர்களைப் பற்றி. வருகிறவர் எல்லோரும் முதலில் ஏழிலும் கையை விட்டுப் பார்த்து, எது கூடச் சூடு என்று கண்டுபிடித்து, அதன் பக்கத்தில் நின்றுகொள்கிறார்கள். இரண்டு வாளி ஊற்றியதும் மெதுவாக இளஞ்சூட்டுக் கிணற்றுக்கு நகர்ந்துவிடுகிறார்கள். ஆசை முன்னால் போக, உடம்பு பின்னால் வந்து நியாயம் சொல்கிறது. அப்புறம் அந்த வாளி. கையில் கிடைத்தவுடன் யாரும் அதை விடுவதில்லை, தனக்கு ஊற்றிக்கொண்டே இருக்கிறார்கள். ஆனால் ஈரத்தோடு ஒருவர் காத்துக்கொண்டு நிற்பது கண்ணில் பட்டதும் கை தானாக நீள்கிறது. சாரத்தோடு நனைந்து நிற்கும்போது யார் அதிகாரி, யார் கூலி வேலைக்குப் போகிறவர் என்று தெரிவதில்லை. குருநாகல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சிங்கள அம்மா, மூதூர் அம்மம்மா ஒருவருக்குக் குனிய முடியவில்லை என்று கண்டு, தானே அள்ளி அள்ளி ஊற்றினார். இருவருக்கும் பொதுப் பாஷை இல்லை. அம்மம்மா கையைக் காட்டுவார், அவர் நிறுத்துவார். மனிதரிடம் இயல்பாக இருப்பது பேராசைதான் என்று சொல்பவர்கள் ஒரு காலைப்பொழுது இங்கே வந்து நிற்க வேண்டும்.

கன்னியா சுற்றுலா இடம் மட்டும் இல்லை. இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குக் குடும்பங்கள் இங்கே வருகின்றன, ஆடி அமாவாசைக்கும் வருகிறார்கள். இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தில் குத்திய இடங்களில் ஊறியதே இந்த நீர் என்பது இங்குள்ள கதை. வேறு இடங்களில் அரக்கன் என்று சொல்லப்படுகிறவன் இந்த ஊரில் தாய்க்குக் கடன் தீர்த்த மகன். எனக்கு அது பெரிய விஷயமாகப் படுகிறது, ஒருவனை எந்தக் கிணற்றடியில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து அவன் யார் என்பதும் மாறிவிடுகிறது.

துக்கத்தில் இருக்கிற குடும்பத்துக்குப் பக்கத்திலேயே விடுமுறைக்கு வந்த கூட்டமும் நிற்கும். சிலர் பாட்டைச் சத்தமாகப் போட்டுக்கொண்டு, கிரியை செய்கிறவர்களுக்கு முன்னால் போய் நின்று படம் எடுக்கிறார்கள். இது தவறு, யார் செய்தாலும் தவறு. ஆனால் ஒருநாள் மொட்டைத் தலையோடு ஈர வேட்டியில் ஒரு பையன் வந்து நின்றதைப் பார்த்த இளைஞர் கூட்டம் ஒன்று, யாரும் சொல்லாமலே ஸ்பீக்கரை நிறுத்தியது. அதில் ஒருவன் வாளியை முதலில் அவனிடம் கொடுத்தான். எந்தச் சமயம், எந்த ஊர் என்று கேட்கவில்லை.

நேரமிருந்தால் கன்னியாவோடு வெல்கம் விகாரையையும் பார்த்துவிடுங்கள். சோழர் காலத்தில் அதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். அந்தப் பௌத்தப் பள்ளிக்குக் கொடுத்த கொடைகளைத் தமிழ்க் கல்வெட்டுகள் சொல்கின்றன. சிவனுக்குப் பெருங்கோயில் எழுப்பிய அரசனின் பெயரில் ஒரு விகாரை! நம்பிக்கையை வைத்துச் சண்டை பிடிக்கிற எல்லாப் பக்கத்தாரையும் அந்தக் கல்லுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, போகிறவர்களுக்கு: சனி ஞாயிறும் பள்ளி விடுமுறையும் வேண்டாம், நெரிசல். துவாயும் மாற்று உடுப்பும் கொண்டு போங்கள், சவர்க்காரத்தை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தரை வழுக்கும், வயதானவர்களின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். பெண்கள் உடுப்பு மாற்ற இன்னும் நல்ல இடமும், வயதானவர்கள் பிடித்து நடக்கக் கம்பியும், கிரியைக்கு வருகிற குடும்பங்களுக்குக் காலையில் தனியாகக் கொஞ்ச நேரமும் ஒதுக்கினால் ஐந்தும் கொடுப்பேன். வாளிகளை மட்டும் கூட்ட வேண்டாம், இருக்கிற அளவிலேயே இருக்கட்டும்.